ஏலக்கூடத்தில் எடுத்த பதினோரு விநாடி

அந்த வருட மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் ஏலக்கூடமே கதியென்று கிடந்த பயல்களுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் முப்பது வந்திருக்கும், அல்லது வந்துகொண்டிருக்கும். சிலருக்கு முன்தலை வழுக்கை. ஒருவன் போன மாதம் சர்க்கரை மாத்திரை போட ஆரம்பித்ததாகச் சொன்னான். எனக்குப் படி ஏறும்போது இடது முழங்கால் கடக் கடக் என்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியும்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா போலீஸ் பரீட்சை எழுத முடியாமல் போனது, நான் வீட்டில் போட்டுக் காட்டிய வீடியோவால்தான். உங்களில் பாதிப் பேர் அக்கா யாரோடோ ஓடப் பார்த்தாள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அது பொய். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

முதலில் பலகை. நம் பங்குக் கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து அட்டைப் பெட்டிகளில் பழைய சாமான் வரும், நினைவிருக்கிறதா? நம் வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு, முழங்கால் வரை காலுறை, பல் இல்லாத பொம்மை. ஞாயிறு பூசை முடிந்ததும் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்குக் கண்ணாடிக் கிண்ணம் ஆறு விழுந்தது. எங்கள் அம்மாவுக்கு நான்கு சக்கரம் வைத்த பலகை விழுந்தது.

"இத வச்சு நான் என்ன சாமி செய்ய?" என்று அம்மா கேட்டாள்.

"பிள்ளைங்க விளையாடுவாங்கம்மா" என்றார் பங்குச் சாமியார். அது என்னவென்று அவருக்கும் தெரியாது. குரலிலேயே தெரிந்தது.

அம்மா அதை விளையாட விடவில்லை. சக்கரம் இருக்கிறது, ஆகவே இது குடம் ஏற்றத்தான் என்று முடிவு செய்தாள். அய்யா பலகையின் முன்முனையில் துளை போட்டு நைலான் கயிறு கட்டிக் கொடுத்தார். தெருக்குழாயில் பிடித்த தண்ணீரை இரண்டு குடமாக ஏற்றி நான் இழுத்துக்கொண்டு வருவேன். தெருவில் எல்லாப் பெண்களும் பொறாமையாகப் பார்த்தார்கள். "ஒங்களுக்குத்தான்க்கா நல்ல சீட்டு விழுந்துருக்கு" என்று கிண்ணம் விழுந்தவளே வந்து சொன்னாள். உப்புத் தண்ணீரும் மணலும் பட்டுச் சக்கரம் கிறீச்சிட்டது. ஒன்றரை வருடம் அது குடப் பலகையாகவே இருந்தது.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு இறால் கம்பெனியில் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப் போயிருக்கும். ஒரு நாள் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். பரீட்சைக்கு விண்ணப்பம் போட. வீட்டில் யாருக்கும் தெரியாது. என்னிடம், "வாயத் தொறந்தே, பல்லு இருக்காது" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அவள் தட்டச்சு செய்யும்வரை நான் வாலை ஆட்டாமல் இருக்க வேண்டுமே என்று, சென்டர் அண்ணன் பக்கத்துக் கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு வீடியோ போட்டு விட்டார். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் பலகையில் நின்று உருண்டு வருகிறான். எதிரில் ஒரு பெட்டி. காலைக் கீழே ஊன்றவே இல்லை. பலகையோடு சேர்ந்து எழும்பிப் பெட்டியைத் தாண்டி இறங்கி, அப்படியே உருண்டு போய்விட்டான். பலகையைக் கையால் பிடிக்கவில்லை. கட்டியும் வைக்கவில்லை.

"அக்கா! நம்ம குடப் பலகை!" என்று கத்தினேன்.

சென்டரில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "இதுக்குப் பேரு ஆலி. இதுதான் முதல் பாடம். இது வராம வேற எதுவும் வராது" என்றார். அவரும் அந்த நிமிடம்தான் படித்துச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பி வரும்போது அக்காவிடம், "எதுக்குக்கா போலீசு?" என்று கேட்டேன்.

"பேண்ட்டு போடலாம். பூட்ஸு போடலாம். யாரையும் கேக்காம பஸ் ஏறலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். நாட்டைக் காப்பாற்றுவது பற்றியெல்லாம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தடைக்காலம் ஆரம்பித்தது. விசைப்படகு எல்லாம் கரையில். இறால் கம்பெனி பூட்டு. அக்கா ஒரு ஏற்பாடு செய்தாள். "ஒனக்குப் பலகை ஓட்டணும். எனக்கு ஓடிப் பழகணும். நான் ஒன்னப் பாத்துக்கிறதுக்கு வாரேன்னு வீட்டுல சொல்றேன். நீ விழுந்து எந்திரிச்சு எத்தன நாளு வேணாலும் இழு. சீக்கிரம் கத்துக்கிட்டேன்னு வந்து நிக்காத." எனக்கு அவள் துணை, அவளுக்கு நான் சாக்கு. சித்தப்பா மகனும் ஒட்டிக்கொண்டான். என்னைவிட மூன்று மாதம் இளையவன், என்னைவிட இரண்டு மடங்கு கனம்.

ஏலக்கூடம் அப்போது எப்படி இருக்கும் என்பதை மறந்துவிட்டீர்களா? நான் மறக்கவில்லை. வருடக்கணக்காக மீன்பெட்டிகளை இழுத்து இழுத்துச் சிமெண்டுத் தரை வழவழவென்று தேய்ந்திருக்கும். கழுவி விட்ட பிறகும் வாடை போகாது. நாள் ஆக ஆக அந்த வாடை இளைத்து, இரண்டாவது மாதம் பெயிண்ட் வாசமும் டீசல் வாசமும்தான் மிச்சம். தராசுக் கொக்கி காற்றில் ஆடும். பூனைகள் நம்ப முடியாமல் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகும். கிழக்கு மூலையில் படகுக்காரர்கள் நான்கு பேர் சீட்டாடுவார்கள். எங்கள் இலவச ரசிகர்கள்.

பலகையின் மேல்பாகம் தேய்ந்து கால் வழுக்கியது. ஃபைபர் படகு ஒட்டுப் போடும் கொட்டகையிலிருந்து ஒரு சிரட்டை ரெசின் பசை வாங்கிவந்து தடவி, அதன்மேல் கடல் மணலைச் சலித்துத் தூவினாள் அக்கா. படகின் தளத்தில் கால் வழுக்காமலிருக்க அப்படித்தானே செய்வார்கள். சக்கரங்களைக் கழற்றி டீசலில் ஊறப் போட்டோம். கிறீச் போய்விட்டது. முன்முனையில் அய்யா போட்ட துளை மட்டும் இருந்தது. ஓடும்போது அது காற்றில் உய்யென்று ஊதும்.

முதல் இரண்டு வாரம் நிற்கவே வரவில்லை. பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சீட்டாட்ட மூலையிலிருந்து, "ஏலே, பலகைய விட்டுப்புட்டு நீ மட்டும் குதி. பலகையாவது மிஞ்சும்" என்று சத்தம் வரும். இன்னொருவர், "ஒங்க அம்மாட்ட சொல்லி ரெண்டு கொடம் தூக்கி வையி, அப்பத்தான் அது அசையாம நிக்கும்" என்பார். முழங்கையில் தோல் இல்லை. ஒரு நாள் தாடை பிளந்தது. அக்கா காப்பித்தூளை அப்பி, தன் துப்பட்டா முனையைக் கிழித்துக் கட்டினாள். வீட்டில் படியில் விழுந்தேன் என்று சொன்னோம். எங்கள் வீட்டில் ஒரே ஒரு படி. அம்மா நம்பினாள்.

அக்கா எங்களை விட்டுவிட்டு படகுத்துறைச் சாலையில் ஓடுவாள். சுரிதாரை முடிந்துகொண்டு, செருப்பைக் கூடத்தில் கழற்றிப் போட்டுவிட்டு. ஓடி வந்து மூச்சு வாங்க மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து படிப்பாள். பரீட்சைக் கைடுக்கு மாதா படம் போட்ட காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஜெபப் புத்தகம்.

போன் அய்யாவுடையது. கடலுக்குப் போகாத நாளில் அது வீட்டில் சும்மா கிடக்கும். மெமரி கார்டு நிறையப் பழைய பாட்டு. ஒரு வீடியோ எடுக்க ஒரு பாட்டை அழிக்க வேண்டும். அக்கா யோசித்து யோசித்து அழிப்பாள். "இது அய்யா கேக்க மாட்டாரு... இது கேப்பாரு..." விழுந்த வீடியோவைப் பார்த்துவிட்டு உடனே அழித்துவிடுவோம், அடுத்ததற்கு இடம் வேண்டுமே. சித்தப்பா மகன்தான் கேமராமேன். ஒவ்வொரு முறையும், "ரெடி... டேக்கு!" என்று கத்துவான். அவன் கத்தும் சத்தத்திலேயே பாதி முறை நான் விழுந்திருக்கிறேன்.

வீடியோ எடுத்ததால்தான் கற்றுக்கொண்டேன். விழும்போது ஏன் விழுகிறோம் என்று நமக்குத் தெரியாது. அக்கா வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சொன்னாள். "பாரு, பின்னங்காலு ஒழுங்கா அடிக்குது. முன்னங்காலு தூங்குது. அத மேல இழு. பலகையத் தேய்ச்சுக்கிட்டே மேல இழு." மறுபடி. மறுபடி. முன்காலை இழுத்தால் பின்காலை மறந்துவிடுவேன். இரண்டையும் நினைத்தால் பலகை முன்னால் ஓடிவிடும். வலது செருப்பின் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்து சுண்டுவிரல் வெளியே வந்தது.

முதலில் தரையில் போட்ட கயிற்றைத் தாண்டினேன். பிறகு அக்காவின் செருப்பை. பிறகு ஒரு செங்கல்லை. செங்கல்லைத் தாண்டிய அன்று நான்கு சக்கரமும் சேர்ந்து தரையில் விழுந்தது. அதுவரை டக், டக் என்று இரண்டு சத்தம் கேட்கும். அன்று ஒரே சத்தம். சீட்டாடியவர்கள் கையில் சீட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். யாரும் கிண்டல் செய்யவில்லை. என் வாழ்க்கையில் அதன்பிறகு எத்தனையோ நடந்திருக்கிறது. கல்யாணம் ஆகியிருக்கிறது, சொந்தமாகக் கொட்டகை போட்டு ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறேன், பிள்ளை பிறந்திருக்கிறது. அந்த ஒரே சத்தம் மாதிரி ஒன்று பிறகு வரவில்லை. இதைச் சொன்னால் என் மனைவி கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும்.

மிச்சம் இருந்தது மீன்பெட்டி. கவிழ்த்துப் போட்டால் ஒரு சாண் உயரம். அதைத் தாண்டி, அதை வீடியோ எடுத்துவிட வேண்டும். தடைக்காலம் முடிந்துவிட்டால் கூடம் மீனும் ஐஸும் தண்ணீருமாகிவிடும், அடுத்த வருடம்வரை தரை கிடைக்காது. அக்காவின் பரீட்சையும் தடைக்காலம் முடிந்த அடுத்த ஞாயிறு, ராமநாதபுரத்தில்.

பத்து நாள் பெட்டி என்னைத் தோற்கடித்தது. பத்து நாளும் வீடியோவில் நான் எழும்புவது எலி எழும்புவது மாதிரி இருந்தது. நின்ற வாக்கில் மேலிருந்து எடுத்ததால் தரையும் என் காலும்தான் தெரிந்தன. அக்காதான் வழி கண்டுபிடித்தாள். போனைத் தரையில் வைத்து, செருப்பில் சாய்த்து, தானும் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். "ஏலே, இங்கன வந்து பாரு. ஒசரமாத் தெரியிது. பின்னாடி கடலு, படகு எல்லாம் விழுகுது." கீழேயிருந்து பார்த்தால் பெட்டி மலை மாதிரி. நான் ராட்சசன்.

அதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். மேலிருந்தே எடுத்திருந்தால் பின்னால் எதுவும் விழுந்திருக்காது.

கடைசி நாள். மறுநாள் காலை படகுகள் கிளம்ப வேண்டும். ஐஸ் லாரிகள் வரிசையில் நின்றன. சீட்டாடியவர்கள் படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அக்கா பின்னால், ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கம் நின்றாள். சென்டர் அண்ணன் பைக்கில் வந்து நின்றார். ஹால் டிக்கெட் அன்றைக்குத்தான் வந்திருந்தது. அவள் தனியாகச் சென்டருக்குப் போனால் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார்கள் என்று, அவரே அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். எனக்கு இது முழுவதும் தெரியும். வந்ததும் அவரே கொண்டுவருவார் என்று முதல்நாளே அக்கா சொல்லியிருந்தாள்.

"ரெடி... டேக்கு!"

உருண்டேன். பின்கால் அடித்தது. முன்கால் தூங்கவில்லை. கீழே பெட்டி போனது தெரிந்தது. ஒரே சத்தம். உருண்டு போய்த் தராசுத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா மகன் தொப்பை குலுங்க ஆடிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து அக்கா கத்திய சத்தம் கேட்டது. அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

பதினோரு விநாடி. வீட்டுக்குப் போகும் வழியில் டீக்கடையில் நின்று, உங்கள் அண்ணன்மார் போன்களுக்கெல்லாம் ப்ளூடூத்தில் அதை அனுப்பினேன். ஒரு போனை இன்னொரு போனோடு ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஐந்தாறு போனுக்காவது போயிருக்கும்.

வீட்டில் அய்யா மறுநாள் கடலுக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவரை அனுப்பி வைக்க மாமா வந்திருந்தார், அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவர் சொன்னால்தான் நடக்கும். நான்தான் அடம் பிடித்தேன். போனில் பார்த்தால் சின்னதாக இருக்கும், டிவியில் போடுகிறேன் என்று. கார்டு ரீடரை டிவிடி பெட்டியில் செருகினேன். அக்கா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் தடுக்கவில்லை. அவள் அந்த வீடியோவை இன்னும் பார்க்கவே இல்லை.

முதல்முறை போட்டதும் அய்யா வாய்விட்டுச் சிரித்தார். "கொடப் பலகையிலயாலே இப்புடிப் பறக்குற!" அம்மா, "சேசுவே, கால ஒடச்சுக்கிறப் போறான்" என்று நெஞ்சில் கை வைத்தாள். மாமா, "நல்லாத்தான் குதிச்சிருக்கான். இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன். இன்னொருமுறை போட்டேன். நான்காவது முறை மாமா சாய்வதை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிப்பாட்டு. பின்னால நிக்கிறது யாருலே?"

சித்தப்பா மகன் பெருமையாக, "அக்கா, மாமா! கையத் தூக்கிக் கத்துது பாருங்க" என்றான்.

"பக்கத்துல?"

"சென்டர் அண்ணன்" என்றேன். நான்தான் சொன்னேன். அவர்களும் நம்மோடு சேர்ந்து சந்தோஷப்படப் போகிறார்கள் என்று நினைத்துச் சொன்னேன்.

அக்கா முதுகைக் காட்டித்தான் நின்றிருந்தாள். அப்படியே நின்றிருந்தால் அது யாரென்றே தெரிந்திருக்காது. நான் தாண்டி இறங்கிய விநாடியில் திரும்பிவிட்டாள். இரண்டு கையையும் மேலே தூக்கி, வாய் நிறையக் கத்தி, ஒரு கையில் அந்தத் தாளை ஆட்டி, இன்னொரு கையால் அந்த அண்ணன் தோளைப் பிடித்து உலுக்கினாள். முகம் முழுக்கத் தெரிந்தது. நல்ல வெளிச்சம். நாங்கள்தான் வெளிச்சம் பார்த்து எடுத்தோமே.

"லெட்டரு" என்றார் மாமா.

அக்கா கையில் ரொட்டி மாவோடு வாசல்படியில் வந்து நின்றாள். டிவியில் அவள் கையைத் தூக்கி நிற்கிறாள். இங்கே கையைத் தொங்கப் போட்டு நிற்கிறாள்.

எனக்கு அப்போது புரிந்துவிட்டது. அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து, "அது லெட்டரு இல்ல மாமா. ஹால் டிக்கெட்டு. அக்கா போலீஸ் பரீட்ச எழுதப் போகுது. ஞாயித்துக்கெழம" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று பன்னிரண்டு வயதில் நம்பினேன்.

மாமா டிவியை அணைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "காதல்னு இருந்தாக்கூட ஒரு பையனப் பாத்துக் கட்டிவச்சு மூடிறலாம். போலீசுக்குப் போறாளாம், போலீசுக்கு. யாரக் கேட்டு? நாளைக்கு லத்தியத் தூக்கிக்கிட்டு நம்ம ஆளுகளையே வெரட்டுவா. எவன் கட்டுவான் இவள?"

அக்கா அய்யாவைப் பார்த்தாள். மாமாவை அவள் பார்க்கவே இல்லை. "அய்யா, எழுத மட்டும் விடுங்கய்யா. எழுதுனா மட்டும் வேல குடுத்துறவா போறாக? எழுதிட்டு வந்துர்றேன்."

அய்யா மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். "விடிஞ்சா நான் கடலுக்குப் போகணும். ரெண்டு மாசம் கழிச்சுப் போறேன். மனசக் கொழப்பாதீங்க. மாமா சொல்றபடி செய்ங்க." அவ்வளவுதான். நல்ல மனிதர். என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

மாமா அக்காவின் கைடுக்குள் இருந்த ஹால் டிக்கெட்டைத் தேடி எடுத்துக் கிழிக்கப் போனார். அம்மா பிடுங்கிக்கொண்டாள். "பிள்ள போட்டோ இருக்கு அதுல, கிழிக்காதண்ணே" என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். மாமா கார்டை உருவிக்கொண்டு போனார். மறுநாள் செல்போன் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்து, வேளாங்கண்ணி மாதா பாட்டாக ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சென்டர் அண்ணனை நான்கு பேர் போய்ப் பார்த்தார்கள். அடிக்கவில்லை என்று சொன்னார்கள். அடுத்த வாரம் அவர் கடையைக் காலி செய்துவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். அக்கா அவரோடு ஓடப் பார்த்தாள் என்று ஊர் முடித்துக்கொண்டது. நல்லது செய்ய வந்த மனுஷன். அவர் பெயரையும் சேர்த்துத்தான் நாறடித்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா அந்தத் தாளை மாதா சுரூபத்துக்கு அடியில் மடித்து வைத்ததை வியாழக்கிழமையே நான் பார்த்துவிட்டேன். வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. என்னை அடிப்பார்கள் என்று பயமில்லை. பலகையைப் பிடுங்கி விடுவார்கள் என்று பயம். இதுதான் உண்மை. இதற்கு மேல் கீழ் எதுவும் இல்லை.

ஞாயிறு காலை அக்காவை நடுவில் உட்கார வைத்துப் பூசை பார்த்தோம். ஒருபக்கம் அம்மா, ஒருபக்கம் மாமா வீட்டு அத்தை. ஒன்பது மணிக்குப் பரீட்சை. ராமநாதபுரம் போக ஒன்றரை மணி நேரம். பூசை முடியும்போது எட்டு. வீட்டுக்கு ஓடிப்போய் சுரூபத்தைத் தூக்கித் தாளை எடுத்து வந்து கொல்லையில் அக்காவிடம் நீட்டினேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளைப் பிரித்து, தன் போட்டோவைப் பார்த்தாள். "போட்டோ நல்லாருக்குல்ல?" என்றாள். பிறகு, "பஸ்ஸு போயிருச்சுலே" என்றாள். ஏதோ நான் கடைக்குப் போகத் தாமதமாகிவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

தவக்காலம் வருவதற்குள் கல்யாணம். தொண்டிப் பக்கம். மோசமான மனிதர் என்று மச்சானைச் சொல்ல மாட்டேன். அவருக்கும் இதில் பங்கு இல்லை.

என் பலகையை யாரும் தொடவில்லை. அதுதான் எனக்கு ஆறாத விஷயம். வீடியோவில் இருந்தது இரண்டு பேர். ஒருத்தியின் வாழ்க்கை போனது. இன்னொருவனை, "நல்லாக் குதிச்சிருக்கான்" என்றார்கள். ஒரு வாரம் கழித்து மாமாவே கேட்டார், "ஏலே, இப்ப குதிக்கிறதில்லையா?" என்று. நான் அதன்பிறகு குதிக்கவில்லை. பலகை மறுபடி குடப் பலகையானது. ஒரு சக்கரம் உடைந்தது, இன்னொன்று தொலைந்தது. கடைசியாகக் கோழிக்கூட்டுக்கு மேல்பலகையாக ஆணி அடித்துக் கிடந்ததைப் பார்த்தேன். முன்முனையில் துளை அப்படியே இருந்தது.

மாமாவின் கடைசி மகள் இப்போது போலீஸ் பரீட்சைக்குக் கோச்சிங் போகிறாள். விடிகாலையில் மாமாவே பைக்கில் கொண்டுபோய் மைதானத்தில் விட்டு, அவள் ஓடி முடிக்கும்வரை தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறார். கோயிலில் எல்லோரிடமும் சொல்கிறார், பெண் பிள்ளை தைரியமாக இருக்க வேண்டும் என்று. நான் கேட்டேன், ஒருமுறை. "மாமா, எங்க அக்கா?" அவர் யோசித்துவிட்டு, "அது அப்ப, மாப்ள. காலம் வேற" என்றார். மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நிஜமாகவே மறந்துவிட்டார். அவரை என்ன செய்ய முடியும்? வயசாளி. சட்டையைப் பிடிக்கவா முடியும்? வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இப்போது நான் கேட்க வந்தது. போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். அவளுக்குப் பதிமூன்று வயது. பள்ளியில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் சேர்ந்திருக்கிறாளாம். "மாமா, அம்மாவும் ஓடும்னு சொன்னீகள்ல, அம்மா இல்லேங்குது. பொய்யா சொன்னீக?" என்று கேட்டாள். பொய் இல்லை, வீடியோ இருந்தது என்றேன். அதில் ஓடுவது இல்லை, கத்துவது இருக்கிறது என்றேன்.

"எங்கம்மா கத்துமா?" என்றாள் பிள்ளை. நம்பவே இல்லை. பக்கத்தில் அக்கா இருந்திருக்கிறாள். போனை வாங்கினாள்.

"அது இருக்காலே இன்னும்?" என்று கேட்டாள். அவள் அதை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. டிவியில் நின்றுபோன ஒரு நிமிடத்தில் பார்த்ததுதான்.

"தேடுறேன்" என்றேன்.

தேடினேன். என்னிடம் இல்லை. சித்தப்பா மகனிடம் இல்லை. அவன் மலேசியாவிலிருந்து பழைய போன் பெட்டியைத் திறந்து தேடச் சொன்னான், அதிலும் இல்லை. ஆகவே உங்களிடம் வருகிறேன். உங்கள் அண்ணன்மார்களின் பழைய போன் பரணில் கிடக்கும். நகத்தளவு மெமரி கார்டு ஏதாவது ஒரு டப்பாவில் பித்தானோடும் ஊக்கோடும் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். ஏலக்கூடம், கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டி, குடப் பலகையில் ஒரு பயல்.

கிடைத்தால் அப்படியே அனுப்புங்கள். அழகு செய்கிறேன் என்று ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். நான் குதிப்பது எனக்கு வேண்டாம். வலதுபக்கம் பின்னால், ஐஸ் மெஷினுக்குப் பக்கத்தில், கையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி நிற்பாள். அவள் வேண்டும்.